நீல ரிப்பன் கட்டிய ஆட்டுக்குட்டி

மரக்காணத்தில் சர்க்கரைப் பொம்மை இரண்டு நாள் தாங்காது. உப்பளத்துக் காற்றில் வேர்த்து, கையில் ஒட்ட ஆரம்பித்துவிடும். அதனால் பிள்ளைகள் மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு முந்தின நாள்தான் புதுச்சேரிக்குப் போய் வாங்கிவருவோம். கேக்கின் மேல் வைக்கிற, உள்ளங்கை அளவு வெள்ளை ஆட்டுக்குட்டி.

என் மகளும் பக்கத்து வீட்டுக்காரியின் மகளும் அதற்காக ஒன்றாக ஞானோபதேசம் படித்தவர்கள். அவளும் நானும் ஒரே உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். ஆட்டுக்குட்டிகளையும் சேர்த்தேதான் சொல்லிவைத்தோம். என் மகளுக்குக் கழுத்தில் ரோஸ் ரிப்பன், அவள் மகளுக்கு நீலம். பிறகு அந்தப் பிள்ளை காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டாள். கடையில் ஒன்று போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனபோது இரண்டும் தயாராக இருந்தன.

திரும்பும்போது டிரைவர் போட்ட பிரேக்கில் ஒரு டப்பா மடியிலிருந்து விழுந்தது. என் மகளுடையது. ஆட்டுக்குட்டிக்கு முன்னங்கால் இரண்டும் போயின. வீட்டுக்கு வந்ததும், இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று மற்றதன் நீல ரிப்பனை அவிழ்த்துவிட்டு ரோஸ் ரிப்பனைக் கட்டினேன். உப்பளத்தில் எல்லோருக்கும் நியாயம் பேசுகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

மறுநாள் பூசை முடிந்து கேக் வெட்டப் போகும்போது அவள் வாசலில் வந்து நின்றாள்.

“எம் பொண்ணுது வந்துச்சாக்கா? கல்லறையில வெக்கலாம்னு.”

“பஸ்சுல உடஞ்சிடுச்சிமா.”

அவள் கேக்கையே பார்த்தாள். ரோஸ் ரிப்பனுக்குக் கீழே, இரவெல்லாம் வேர்த்த சர்க்கரையில் நீலச் சாயம் வளையமாக இறங்கியிருந்தது. நானே அப்போதுதான் கவனித்தேன். வெட்கத்தில் உடம்பு கூசியது. அப்படியும் எடுத்துக் கொடுக்கவில்லை. மகள் கத்தியோடு நின்றாள், சொந்தபந்தம் போட்டோவுக்கு நின்றது.

“உடஞ்சதையே குடுக்கா,” என்றாள். “பாப்பா கேக் வெட்டட்டும்.”

அடுத்த நாள் சாயங்காலம் கல்லறைக்குப் போனேன். மணல்மேட்டில், எறும்பு தின்றது போக ஆட்டுக்குட்டியின் தலையும் கழுத்தும் மிச்சம் இருந்தன. கழுத்தில் நீல ரிப்பன் கட்டியிருந்தாள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் சடையில் கட்டிப்போனது. நான் அவிழ்த்துப் போட்ட ரிப்பன் என் வீட்டுக் குப்பைக்கூடையில்தான் கிடந்தது.