நாற்பது கைநாட்டு

செமோருக்கு அப்பால் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், எல்லாரும் சொறிந்துகொண்டிருந்தோம். நின்றால் சொறி, நடந்தால் சொறி, கோயிலில் கும்பிடும்போது ஒரு கையால் கும்பிட்டு மறுகையால் சொறி. பால் ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைத்த ஆசிட் தண்ணீர் குழாய் வழியாக ஆற்றில் விழுந்தது. அந்த ஆற்றில்தான் லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் குளித்தன, துவைத்தன. முதலில் மீன்கள் போயின. பிறகு பூசாரியின் வாத்துகள் இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு பொம்மைகளாகக் கரையேறி, ஸ்டோரைப் பார்த்து வாய் ஓயாமல் திட்டின. தோட்டத்தின் முதல் போராட்டக்காரர்கள் அவைதாம்.

ஈப்போவில் லாரி ஓட்டிய மாமா, என் அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆற்றில் முங்கினார். பொழுது சாய்வதற்குள் இரண்டாவது போராட்டக்காரரானார். சுகாதார ஆபீசுக்கு மனு எழுதுவோம் என்று முதுகைக் கதவு நிலையில் தேய்த்தபடி அறிவித்தார்.

"ஒனக்கென்னலா, லாரியில ஏறிப் போயிருவ. எங்களுக்கு வேல போனா வீடும் போகும். சட்டி பானையத் தூக்கிக்கிட்டு நாங்க எங்கடா போறது?" என்றாள் அம்மா.

"கைநாட்டுதானே கேக்கறேன் அக்கா. பால்வெட்டு முடிஞ்சதும் வீட்டுக்குப் போகாம நேரா வாங்க, போதும்லா."

மறுவாரம் மாமா மனுவோடும் ஊதா மைப்பெட்டியோடும் ஆயாக் கொட்டகையில் உட்கார்ந்தார். பால் வாளியை ஸ்டோரில் இறக்கிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிப்போகப் பெண்கள் அங்கேதான் வருவார்கள். மைப்பெட்டியை ஏந்தி நிற்கும் பெரிய பதவி எனக்கு. மாமா முதலில் தன் பெயரை வால் சுழிகளோடு போட்டார். பிறகு பெண்கள் ஒவ்வொருவராகக் கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார்கள். விழுந்ததெல்லாம் வழவழவென்ற ஊதாப் புளியங்கொட்டைகள். ஒன்றில்கூட ரேகை இல்லை. ரப்பர் பால் விரல்களில் காய்ந்து தோல்மேல் தோலாக ஒட்டியிருந்தது.

அம்மாவின் முறை வந்ததும் பதவிக்குரிய பொறுப்போடு கத்தினேன்: "பால உரிச்சிட்டு வைங்கம்மா, ரேகை விழ மாட்டேங்குது!"

பதிலாகத் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. முறுக்கு பிழிவதுபோல அரைத் திருகு. கண்ணில் நட்சத்திரம்.

ஆபீஸ்காரர்கள் அந்த மனுவை, யார்மேல் புகாரோ அவருக்கே, எங்கள் மேனேஜருக்கே, அனுப்பிவைத்தார்கள். ஒரு விடிகாலை, வேலைக்கு ஆளெடுக்கும் வரிசைக்குத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பூதக்கண்ணாடியோடு வந்தார். தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"யார் யாரு கைநாட்டு வெச்சது? நாப்பதும் ஒரே ஆளு கை மாதிரி இருக்கு!"

"எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்கய்யா. எது யாரு கைன்னு படிச்ச நீங்கதான் பாத்துச் சொல்லணும்," என்றாள் வரிசையில் ஒருத்தி, கழுத்தைச் சொறிந்துகொண்டே. வரிசை முழுவதும் குனிந்து தரையைப் பார்த்தது. தோள்கள் மட்டும் குலுங்கின.

வேலைப் பட்டியலிலிருந்து யார் பெயரையும் வெட்ட முடியவில்லை. மனுவில் படித்துச் சொல்லக்கூடிய ஒரே பெயர் மாமாவுடையது. அவரோ தோட்டத்து ஆளே இல்லை. பிறகு சுகாதார ஆபீசிலிருந்து யாரோ வந்து பார்த்தார்கள். ஸ்டோர் குழாயை நீட்டி ஆற்றின் வளைவுக்குக் கீழே விட்டார்கள். எங்கள் சொறி நின்றது. கீழ்த் தோட்டத்தில் தொடங்கியது. மாமா அதே மைப்பெட்டியோடு அங்கே போனார்.

கிழவரான பிறகும் அவர் ஓயவில்லை. காட்டுக்கு, மலைக்கு, ஏதோ ஓர் ஆற்றுக்கு என்று கைப்பேசியில் மனு அனுப்புகிறார்: "வெரலால ஒரு தட்டு தட்டு, போதும்லா." சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே என் முழுப்பெயரைப் போட்டுத் தட்டுகிறேன். என்னை யாரும் வீட்டைவிட்டு விரட்டப்போவதில்லை. குழாய்களும் ஏதாவதொரு வளைவுக்குக் கீழே போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

காய்ந்த பாலை விரல்விரலாக உரித்துப் போடாமல் அம்மா எதையுமே தொடமாட்டாள், கைக்குழந்தையான என் தம்பியைக்கூடத் தூக்கமாட்டாள். அது அப்போதே எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அன்றைக்குக் கொட்டகை வாசலில், கன்றிப்போன தொடையைத் தேய்த்துக்கொண்டு, கையில் மைப்பெட்டியோடு விம்மி விம்மி அழுதேன். வலி ஒருபக்கம் இருக்கட்டும். என் அம்மாவுக்கு ஒரு கைநாட்டுக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லையே என்ற வெட்கம்தான் தாங்கவில்லை.