பண்டத்தரிப்பு பஸ்ஸும் நீர்க்கடுப்பும்

டிப்போவில் ரைம்கீப்பர் வேலை என்றால் பஸ்ஸை நேரத்துக்கு அனுப்புகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது, நேற்றுவரை கல்லுக்குண்டு மாதிரி இருந்தவனுக்கு இன்று விடிய என்ன நோய், என்ன வருத்தம் வந்தது என்று கேட்கிற வேலை. அறுபதுகளில் யாழ்ப்பாணத்து டிப்போ ஒன்றில் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே எனக்கு வயிற்றெரிவு வந்தது. ஆள் குறைந்த கந்தோரில் இருந்துகொண்டு பிறருடைய லீவுக்குப் பதில் சொன்னவர்கள் யாராவது இதை வாசித்தால், அவர்களுக்கு நான் மேலும் விளக்கத் தேவையில்லை.

முதல் பஸ்ஸில் வரும் வருத்தம்

எங்கள் ஆட்களிடம் ரெலிபோன் கிடையாது. வருத்தம் வந்தால் தங்கள் ஊரிலிருந்து புறப்படும் முதல் பஸ்ஸின் கொண்டக்டரிடம் சொல்லிவிடுவார்கள். அவர் ரிக்கற் கிழித்து, மிச்சக் காசு கொடுத்து, வழியில் இரண்டு பேரோடு சண்டையும் பிடித்து என்னிடம் வந்து சேரும்போது வருத்தம் மாறியிருக்கும். காய்ச்சலாக ஏறியது கால்முறிவாக இறங்கும். நல்லூர்த் தேரன்று சைவக்காரருக்கு வருத்தம், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு வேதக்காரருக்கு வருத்தம். ஒருவருடைய ஓட்டத்தை மற்றவர் ஓடிவிடுவார் என்பதால் நானும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

இரண்டு நாளும் வருத்தம் வராத ஒரே ஆள் குருநகர் மரியதாஸ் அண்ணை, பண்டத்தரிப்பு பஸ்ஸின் றைவர். தகப்பன், தமையன்மார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். காய்ச்சலோடு வந்து ஸ்ரியறிங்கைப் பிடித்தவரை வீட்டுக்குப் போகச் சொல்லி நான் கெஞ்சியிருக்கிறேன். டொக்ரரிடம் மெடிக்கல் வாங்கிக்கொண்டு லீவு கேட்டு வருகிறவர்களை அவர் பார்க்கிற பார்வையில் பாதிப் பேருக்குச் சுகம் வந்துவிடும். ஏன் அண்ணை இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "நடுக்கடலிலை நிண்டு ஆரிட்டைத் தம்பி மெடிக்கல் குடுக்கிறது?"

கிணற்றுக்கு மருந்து

கொழும்பிலிருந்து புது மனேஜர் வந்தார். கெட்ட மனிசர் இல்லை. ஓடாமல் நிற்கிற பஸ்ஸைக் கண்டால் அவருக்குத் தாங்காது, அவ்வளவுதான். ரூட்டின் கடைசி ஊரான பண்டத்தரிப்பில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு, றைவரும் கொண்டக்டரும் பத்து நிமிடம் தேத்தண்ணி குடித்து, வேலியோரமாய் ஒதுங்கிவருவது வழக்கம். அந்தப் பத்து நிமிடத்தை மனேஜர் வெட்டினார். போன பஸ் போன சூட்டோடு திரும்ப வேண்டும். வேலியோரம் போக நேரமில்லை என்றால் தண்ணீர் குடிக்காமல் விட்டால் சரி என்று எங்கள் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். அது சித்திரை மாதம். மேலே வெயில், காலடியில் எஞ்சின். அந்த ரூட்டில் ஓடியவர்கள் ஒவ்வொருவராக நீர்க்கடுப்பு என்று படுத்தார்கள்.

பத்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மனேஜரிடம் சொன்னேன். அவர் நன்றாக யோசித்துவிட்டு, பண்டத்தரிப்புத் தண்ணீரில்தான் பழுது என்று முடிவு கட்டினார். சுகாதாரப் பரிசோதகருக்கு ஆள் போய், பஸ் நிற்கிற இடத்தைச் சுற்றியிருந்த கிணறுகளுக்கெல்லாம் குளோரின் போட்டார்கள். மறுநாள் அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அன்னம்மா அக்கா முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டு நேரே என் மேசைக்கு வந்தார். "உங்கடை ஆக்கள் எங்கடை ஊரிலை ஒரு வாய் தண்ணி குடிச்சு எவ்வளவு காலம் தம்பி? குடியாதவைக்கு வந்த வருத்தத்துக்குக் குடிக்கிற நாங்களோ மருந்து குடிக்கிறது?"

நேரம் சரியோ

மரியதாஸ் அண்ணை மட்டும் படுக்கவில்லை. மற்றவர்கள் படுக்கப் படுக்க அவர்களுடைய ஓட்டத்தையும் சேர்த்து ஓடினார். மனேஜர் அவரைக் காட்டித்தான் மற்றவர்களுக்குப் புத்தி சொல்வார். முகம் வாடிக்கொண்டு வருவதை நான் கண்டேன். இடது கையை அடிக்கடி உதறுவார். கேட்டால் கியர் இறுக்கம் என்பார். ஒரு மத்தியானம் பஸ் வந்து நின்றது, சனம் இறங்கியது, அவர் இறங்கவில்லை. ஏறிப் பார்த்தேன். சேட்டு தெப்பமாய் நனைந்திருக்க, ஸ்ரியறிங்கில் நெஞ்சைச் சாய்த்திருந்தார். அதே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இன்னொரு றைவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். மரியதாஸ் அண்ணை என் கையைப் பிடித்துக் கேட்டது இவ்வளவுதான்: "நேரம் சரியோ தம்பி?"

மனேஜர் போன பயணம்

மாரடைப்பு என்றார்கள். பிழைப்பாரோ என்பதே ஒரு கிழமையாகத் தெரியவில்லை. பிழைத்தார், ஆனால் இனிமேல் பஸ் ஓட்டக் கூடாது என்று டொக்ரர் சொல்லிவிட்டார். மனேஜர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். தன்னுடைய நேரத்தில் பிழையில்லை என்று எங்களுக்கும், கூடவே தனக்கும் காட்டவேண்டும் என்று பட்டதோ என்னவோ, அடுத்த நாள் தானே பண்டத்தரிப்பு பஸ்ஸில் ஏறினார். காலையிலிருந்து பின்னேரம் வரை றைவருக்குப் பின்சீற்றில் இருந்தார். றைவர் இறங்காததால் தானும் இறங்கவில்லை. கடைசியாகத் திரும்பி வந்தவர் என் வணக்கத்தைக் கவனிக்காமல் கக்கூசுப் பக்கமாய் ஓடினார்.

மறுநாள் விடிய, யாழ்ப்பாணத்தில் அவர் குடியிருந்த கொழும்புத்துறையிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கொண்டக்டர் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் என் முன்னால் வந்து நின்றார். "மனேஜர் ஐயாவுக்கு நீர்க்கடுப்பாம். கொழும்புத்துறைக் கிணறுகளுக்கும் மருந்து போடச் சொல்லட்டோ?"

கேளாதை

மனேஜர் சுகமாகி வந்த அன்றே பத்து நிமிடமும் திரும்பி வந்தது. நீர்க்கடுப்பு நின்றது. மரியதாஸ் அண்ணைக்கு மட்டும் அது பிந்திப் போயிற்று. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. அவரை என் அறையிலிருந்து பஸ்களைக் கூப்பிட்டு அனுப்புகிற வேலைக்குப் போட்டார்கள். முதல் நாள் பண்டத்தரிப்பு பஸ் புறப்பட்டபோது எழும்பி வாசலுக்குப் போய், அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு கிழமை கழித்து, அவருடைய இடத்துக்கு வந்த புது றைவருக்கு வருத்தமாம் என்று முதல் பஸ்ஸில் செய்தி வந்தது. அன்று அவன் ஊரில் கலியாணம் என்று எனக்குத் தெரியும். என்ன வருத்தம் என்று கேட்க வாயெடுத்தேன். மரியதாஸ் அண்ணை கையைக் காட்டி மறித்தார். "கேளாதை தம்பி. இண்டைக்கு வராதவன் நாளைக்கு வருவான்."

அன்றோடு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். இன்றுவரை ஒருநாளும் லீவு எடுக்காமல் வருவது என்னுடைய வயிற்றெரிவு மட்டும்தான்.