நாற்பத்திரண்டு அங்குலம்

மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கத்தில் அவரைப் பற்றி ஐந்து வரிகள் அச்சிட்டிருந்தார்கள். வயது ஐம்பத்தாறு. தொழில் இல்லை. வருமானம் இல்லை. கணவரைச் சார்ந்திருப்பவர். மதுப் பழக்கம் இல்லை.

முதல் வரியும் கடைசி வரியும் சரி. நடுவில் உள்ள மூன்றைப் படித்துக் காட்டினால் தெருவே சிரிக்கும். தெருவில் பாதிப் பிள்ளைகள் அவர் தைத்த சீருடையில் பள்ளிக்குப் போனார்கள். மீதிப் பாதி, வேறு யாரோ தைத்து அவர் பிரித்துத் தைத்ததில் போனார்கள். அது போக, எந்த வீட்டில் சுவர் பூசினாலும் குழாய் மாற்றினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். யாரும் அழைத்ததில்லை. யாரும் போகச் சொன்னதும் இல்லை, ஏனென்றால் அவர் நின்று பார்த்த சுவர் விரிசல் விட்டதில்லை. எனவே அவருக்கு மேஸ்திரி அம்மா என்று பெயர். அரசாங்க அலுவலகங்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அந்தப் பெயர் செல்லும்.

அவர் சார்ந்திருந்ததாகச் சொல்லப்படும் கணவர், ஒரு பெரிய ஹோட்டலின் பாரில் முப்பத்தோரு வருஷம் ஊற்றிக் கொடுத்தவர். அவரும் குடிக்கமாட்டார். குடித்தால் அளவு தவறிவிடும் என்பது அவர் கட்சி. அந்த பாருக்கு ஆட்கள் சரக்குக்காக வந்ததைவிட அவர் பேச்சுக்காக வந்ததுதான் அதிகம். வக்கீல்கள் தோற்ற வழக்கை அவரிடம் சொன்னார்கள், டாக்டர்கள் தங்கள் நோயை அவரிடம் சொன்னார்கள். இப்படி ஊர்ப் பேச்சையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வருவார். மறுநாள் காலை டீ குடிக்கும்போது மட்டும் முந்தைய நாளின் கதை ஒன்றை மனைவிக்கு எடுத்து வைப்பார். மேஸ்திரி அம்மாவுக்கு அந்த ஒரு கதை போதும். முப்பத்தோரு வருஷம் அதை வைத்தே குடும்பம் நடந்தது.

ஓய்வு பெற்றதும் கதை வரும் வழி அடைபட்டது. மனிதர் சோபாவில் உட்கார்ந்தார், பத்திரிகையை விரித்தார், எட்டு மாதம் அப்படியே இருந்தார். "ம்", "சரி", "வேணாம்" என்று மூன்று சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு நாள் மேஸ்திரி அம்மா எண்ணிப் பார்த்தார்: காலை முதல் இரவு வரை பதினோரு சொல். அதில் இரண்டு, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னவை.

ஒன்பதாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. ஏதோ தீவில் ஒரு விடுதி. அதன் பாருக்கு ஆள் வேண்டும். இரண்டு வருஷ ஒப்பந்தம். எழுதியவர் முன்பு இவருக்குக் கீழே வேலை பார்த்தவர். அடுத்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பதில் சொன்னால் போதும். கணவர் அதை பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

"போலாம்னு பாக்குறேன்" என்றார்.

"ரெண்டு வருஷமா?"

"ம்."

ஏன் என்று கேட்டதற்கு, "இங்க சும்மா உக்காந்தே இருக்கேன்" என்றார்.

எட்டு மாதத்தில் அவர் சொன்ன நீளமான வாக்கியம் அது. அழுது அடம்பிடித்து அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடும்படி தங்கை யோசனை சொன்னாள். மேஸ்திரி அம்மா அழவில்லை. முப்பத்தோரு வருஷம் நின்றே பழகியவருக்கு நிற்பதற்கு ஓர் இடம் இல்லை என்பதுதான் விஷயம், அதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. தையல் மேஜையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த தையல் அறையை அளக்கப் போனார். பத்துக்கு எட்டு. அன்று மாலையே தையல் இயந்திரம் படுக்கையறைக்குக் குடிபோனது.

செய்தி தெரிந்ததும் தங்கை ஓடி வந்தாள்.

"அக்கா, அத்தான் குடிக்கமாட்டாரு. நீ மோந்துகூடப் பாத்ததில்ல. பார் யாருக்கு?"

"உன் புருஷனுக்கு."

"அவருக்கு வெளியிலயே ரெண்டு இருக்கு" என்றாள்.

வேலைக்கு வந்த தச்சருக்கு அரையங்குலம் என்று பெயர். அவர் செய்யும் எந்தப் பொருளும் ஏதாவது ஒரு பக்கம் அரை அங்குலம் கூடவோ குறையவோ இருக்கும். ஆள் நாணயமானவர், சமையலறை அலமாரிகளில் கைதேர்ந்தவர். பார் எதையும் அவர் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. மேஸ்திரி அம்மாவும் பார்த்ததில்லை. கவுண்டர் என்ன உயரம் என்று தச்சர் கேட்டபோது, மேஸ்திரி அம்மா நேரே போய்த் தன் சமையல் மேடையை அளந்துவந்து முப்பத்திநாலு அங்குலம் என்று அடித்துச் சொன்னார்.

பத்து நாள் ரம்பமும் சுத்தியலும் ஓயவில்லை. கணவர் எதுவுமே கேட்கவில்லை. மரத்தூள் பறந்து வந்தால் பத்திரிகையை ஒருமுறை உதறிவிட்டு மீண்டும் விரிப்பார், அவ்வளவுதான். வந்தவர் தானாகச் சொல்லும்வரை பார்மேன் எதையும் கேட்கக்கூடாது என்பது அந்தத் தொழிலின் ஒழுக்கம். கேட்காதவரிடம் வேலையைப் பற்றிச் சொல்லக்கூடாது என்பது மேஸ்திரி அம்மாவின் ஒழுக்கம். ஆகவே இரண்டு பேர் வாழும் வீட்டில், ஒருவர் கண்ணெதிரே இன்னொருவர் ஒரு பாரைக் கட்டினார். அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

தட்டுமுட்டுச் சாமான்களை அவரே தேடி வாங்கினார். கைகழுவும் தொட்டி, நான்கு ஸ்டூல்கள், மூடி போட்ட ஸ்டீல் ஷேக்கர், ஐஸ் எடுக்கும் இடுக்கி, மருந்து ஊற்றுவது போன்ற ஓர் அளவுக் கிண்ணம். ஸ்டூலில் உட்காருபவர் கால் வைக்கக் கீழே ஒரு குழாய் வேண்டும் என்று அவராகவே கண்டுபிடித்து, பக்கத்து வீட்டுக் குளியலறை வேலையில் மிஞ்சியதை வாங்கிவந்து பொருத்தினார். மதுக்கடைக்கும் அவரேதான் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டது.

"என்னம்மா தேடுறீங்க?" என்றார் கடைக்காரர்.

"எந்தத் தேதி வரைக்கும் நல்லா இருக்கும்னு போடலியே?"

"அது கெடாதும்மா. வாங்கிட்டுப் போறவங்களத்தான் பாத்துக்கணும்."

கவுண்டர் முடிந்த மறுநாள் காலை மேஸ்திரி அம்மா காய்கறி வாங்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அறைச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டாற்போல் நேராக. அதன் கீழே பொடி எழுத்தில் 42. கணவர் சோபாவில் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார்.

தச்சரை வரவழைத்தார். "எட்டு அங்குலம் கம்மியாம்."

"யாரு சொன்னா?"

"செவுரு சொல்லுது, பாருங்க."

தச்சர் கோட்டைப் பார்த்தார், கவுண்டரைப் பார்த்தார். "அம்மா, அரை அங்குலம் போனா அது என் தப்பு. எட்டு அங்குலம் போச்சுன்னா அது உங்க தப்பு" என்றார். ஆயுளில் முதல்முறையாகத் தன் பக்கம் நியாயம் இருந்ததால் அதை இரண்டு தடவை சொன்னார்.

மேஸ்திரி அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அவர் மனம் வேறு கணக்குப் போட்டது. எட்டு மாதமாக என்ன வேணும், என்ன வேணும் என்று கேட்டுத் தலையால் தண்ணீர் குடித்தும் அசையாத மனிதர், ஒரு தப்பைப் பார்த்ததும் எழுந்திருக்கிறார், பென்சில் தேடியிருக்கிறார், அளந்திருக்கிறார். சரியாகச் செய்தால் உட்கார்ந்திருப்பார். தப்பாகச் செய்தால் எழுந்து வருவார். அப்படியானால் தப்பில் ஒரு கை பார்த்துவிட வேண்டியதுதான்.

கவுண்டர் நாற்பத்திரண்டுக்கு உயர்ந்ததும் வேலை ஆரம்பித்தது. கிளாஸ்களை வாய் மேலே பார்க்கத் தூசியில் அடுக்கினார். காலையில் பார்த்தபோது அவை துணி விரித்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பாட்டில்களைப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி உயர வரிசையில் நிறுத்தினார்; அடிக்கடி எடுக்க வேண்டியவை வலது கைப் பக்கம் வந்து, எல்லாம் முகத்தை வெளியே காட்டி நின்றன. ஐஸ் தட்டை மீன் பொட்டலத்தின்மேல் வைத்தார். மீன் இடம் மாறியது. கிளாஸ்களை எண்ணெய்ப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவிவைத்தார்; கவுண்டருக்கு அடியில் தனி ஸ்பாஞ்சும் தனி சோப்பும் முளைத்தன. எலுமிச்சம்பழத்தை அகலவாட்டில் அரிய வேண்டிய இடத்தில் நெட்டுவாட்டில் அரிந்துவைத்தார். சரியாக அரிந்த ஒரு பழம் தட்டில் பக்கத்தில் இருந்தது.

ஐந்து தப்பு, ஐந்து திருத்தம். வார்த்தை ஒன்றுகூட இல்லை. வாயைப் பிடுங்கப் போனால் கைதான் வந்தது. முப்பதாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தார் கணவர்.

மேஸ்திரி அம்மா பழைய புத்தகக் கடைக்குப் போய் பானங்கள் கலப்பது எப்படி என்ற கையேட்டை வாங்கிவந்தார். சரியாகச் செய்வதற்காகக் கையேடு படிப்பவர்கள் உண்டு. இவர், எதை எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது என்று போட்டிருக்கிறது என்பதை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்தார். நாற்பதாம் பக்கத்தில் தேடியது கிடைத்தது.

இருபத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்குத் தங்கையும் அவள் கணவரும் தச்சரும் வந்து ஸ்டூல்களில் ஏறி உட்கார்ந்தார்கள். சும்மா வந்துவிட்டுப் போங்கள் என்றுதான் அழைப்பு. தங்கை கணவர் சலவைச் சட்டையில் வந்திருந்தார்; மனைவியின் பக்கத்திலேயே உட்கார்ந்து குடிப்பது அவருக்கு வாழ்க்கையில் புதிது. மேஸ்திரி அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நின்றார். அறைக்குக் கதவு கிடையாது. சோபாவிலிருந்து எல்லாம் தெரியும். பத்திரிகை மட்டும் விரிந்தபடி இருந்தது.

முதல் கோரிக்கை தங்கை கணவருடையது. மேஸ்திரி அம்மா ஷேக்கரில் ஐஸ் போட்டார், அளந்து சரக்கை ஊற்றினார், எலுமிச்சை பிழிந்தார். பிறகு சோடா பாட்டிலைத் திறந்து, சோபாவில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும்படி உயரத் தூக்கி, ஷேக்கருக்குள் சாய்த்தார். மூடியை அழுத்தி மூடி, இரண்டு கையாலும் பிடித்துக் காதுவரை தூக்கினார்.

பத்திரிகை கீழே விழுந்தது.

"நில்லு. குலுக்காத" என்றது சோபா. பேசியது கணவர்தான், ஆனால் அந்தக் குரலைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்ததால் எல்லோருக்கும் ஒரு நொடி குழப்பம். மூன்று எட்டில் உள்ளே வந்துவிட்டார். "சோடாவ ஷேக்கர்ல ஊத்துவாங்களா? மூடி தெறிச்சு மூஞ்சியப் பேத்துடும். என்ன காரியம் பண்ணப் பாத்தே நீ?"

"அப்போ எப்படிங்க செய்யணும்?"

"தள்ளு."

மேஸ்திரி அம்மா தள்ளினார். கணவர் ஷேக்கரைத் தொட்டியில் மெல்லத் திறந்து கொட்டினார், அலசினார், துணியைத் தோளில் போட்டார். உள்ளங்கைகளைக் கவுண்டரின்மேல் வைத்தார். உயரம் கச்சிதமாக இருந்தது. எதிரே இருந்த தச்சரை நிமிர்ந்து பார்த்து, "சொல்லுங்க சார், வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்றார்.

அப்புறம் இரண்டு மணி நேரம் அவர் வாய் ஓயவில்லை. சோடா ஏன் கடைசியில் வர வேண்டும் என்பதில் தொடங்கி, தன் கல்யாணத்துக்கு முதல்நாள் பாருக்கு வந்து எந்த ஊருக்கு ஓடலாம் என்று யோசனை கேட்ட மாப்பிள்ளை வரைக்கும் போனார். தச்சர் தன் பட்டப்பெயர் தனக்கு எவ்வளவு வருத்தம் என்பதை முதல்முறையாக ஒருவரிடம் சொன்னார். தங்கை கணவர் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாவது கேட்டபோது, கிளாஸில் எலுமிச்சைச் சாறு மட்டும் வந்தது, கூடவே ஒரு கதையும் வந்தது, அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. தங்கை மட்டும் அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "நெசமாவே உனக்குத் தெரியாதாக்கா?" என்று கேட்டாள். மேஸ்திரி அம்மா பிடி கொடுக்காமல் ஐஸ் தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு கணவர் கவுண்டரைத் துடைத்தார். எதிரே கிடந்த ஸ்டூலைக் கண்ணால் காட்டினார். மேஸ்திரி அம்மா ஏறி உட்கார்ந்து, குழாயில் கால் வைத்தார்.

"நீங்க என்ன சாப்பிடுறீங்க, மேடம்?"

"லெமன் சோடா. உப்புப் போட்டு."

ஊற்றி, கலக்கி, முன்னால் வைத்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, தொழில் ஒழுக்கத்தை மீறி, அவரே கேட்டார்.

"அந்தத் தப்பெல்லாம் வேணும்னே பண்ணதுதானே?"

"மொதத் தப்பு நெசம்" என்றார் மேஸ்திரி அம்மா. "எட்டு அங்குலம் சத்தியமா எனக்குத் தெரியாது."

கணவர் சிரித்தார். அவர் சிரித்த சத்தம் கேட்டு எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

மறுநாள் முப்பதாம் தேதி. காலையில் தீவுக்கு போன் போட்டார். தனக்கு உள்ளூரிலேயே வேலை கிடைத்துவிட்டது, நின்று பார்க்கும் வேலை, வர முடியாது என்றார். எந்த ஹோட்டல் அண்ணே என்று அந்தப் பக்கம் ஆவலாகக் கேட்டது.

"சின்ன எடம்தான் தம்பி. நாலு ஸ்டூல்" என்றார் கணவர்.

இப்போது ஞாயிறு தவறாமல் ஆள் வருகிறார்கள். ஸ்டூல் போதாமல் தச்சர் நின்றுகொண்டே பேசுகிறார். திங்கட்கிழமை காலை டீயோடு ஒரு கதை வருகிறது. சில வாரம் இரண்டு.

அந்த அம்மாள் ஆறு வாரத்தில், பத்துக்கு எட்டு அடி அறை ஒன்றில் ஒரு பார் கட்டினார்; அதில் ஏழு தப்புச் செய்தார், ஆறை வேண்டுமென்றே செய்தார்; கணவரை வீட்டில் நிறுத்தினார்.