காருக்குப் போட்ட சாம்பிராணி

ஜப்பான்காரன் காலத்தில் அப்பா ஓட்டிய கறுப்புக் காரில் நான் ஒரே ஒரு முறைதான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றும் கார் ஓர் அடிகூட நகரவில்லை.

அது அப்பாவின் வெள்ளைக்கார முதலாளியுடைய கார். முதலாளியைச் சிறையில் அடைத்ததும் ஒரு ஜப்பானிய அதிகாரி காரை எடுத்துக்கொண்டார். காரோடு அப்பாவையும் எடுத்துக்கொண்டார். பெட்ரோல் கிடைக்காததால் காரின் பின்னால் கரி அடுப்பு ஒன்றைப் பொருத்தி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். அந்த வாயு உள்ளே கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. அப்படித்தான் அப்பாவின் கூட்டாளி ஒருவர் ஓட்டும்போதே மயங்கி, கால்வாயில் காரை விட்டு இறந்துபோனார். எங்கள் அதிகாரிக்கோ தூசி ஆகாது. ஜன்னலைத் திறக்க விடமாட்டார்.

கோலாலம்பூருக்கு ஓட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அம்மா அதிகம் பேசுகிறவர் அல்ல. அன்று மட்டும், "காத்து வர ஒரு வழி பண்ணாம நீங்க கிளம்பக் கூடாது" என்றார்.

வழி காரிலேயே இருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிப்பக்கம் ஒரு சின்ன இரும்பு மூடி. உள்ளே பிடியைத் தள்ளினால் அது தூக்கிக்கொள்ளும். ஓட ஓட, காற்று ஓட்டுகிறவரின் காலடிக்கு வரும். மழை ஒழுகுகிறது என்று வெள்ளைக்காரர் அதைத் தார் பூசி அடைத்திருந்தார். அப்பா தாரைச் சுரண்டி, கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, மூடியை எழுப்பிவிட்டார். காற்று வருமா என்று ஓட்டிப் பார்க்கத்தான் அனுமதி இல்லை.

அம்மா உள்ளே போய், கைக்குழந்தையான என் தம்பியைக் குளிப்பாட்டினால் போடுவதற்கென்று ஒளித்து வைத்திருந்த கடைசிச் சாம்பிராணியை எடுத்து வந்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சிரித்தார். "பிள்ளைக்கே இல்லையாம், காருக்கா? அப்படியே ஒரு பொட்டும் வச்சு விடுக்கா."

"பேசாம முறத்தை எடுத்து வீசுடா."

"சும்மா சொன்னேன்லா."

அப்பா ஜன்னல்களை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கதவை விட்டு நகராமல் நின்றதால் என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். மாமா மூடிக்கு முன்னால் தூபக்காலைப் பிடித்து முறத்தால் வீசினார். ஒன்றும் வரவில்லை. அப்பா இறங்கி, மூடிக்குள் இருந்த கம்பி வலையைக் கழற்றினார். குளவி கட்டிய மண்ணும் சருகும் கொட்டின. மறுபடி வீசியபோது புகை மெதுவாக என் பாவாடையைச் சுற்றி எழுந்தது.

"வருதாங்க?" என்றார் அம்மா, கண்ணாடிக்கு வெளியே குனிந்து.

அப்பா கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். "கேமரன் மலைக் குளிர்காத்து மாதிரி இருக்கு."

அந்த வருஷங்களில் அம்மா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த என்னை அப்பா தூக்கித்தான் இறக்கினார். மறுநாள் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மழைக்காலம் வந்து போனது; அப்பா வரவில்லை. ஒரு மாலை எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சிராங்கூன் சாலையில் அந்தக் கார் என்னைக் கடந்து போயிற்று. நான் வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, கார் வந்திருச்சு. மூடி திறந்துதான் இருக்கு."

அம்மா தம்பியை என் கையில் கொடுத்தார். "யாரு ஓட்டுறா?"

"வேற யாரோ. தொப்பி போட்டிருந்தார்."

அம்மா செருப்புக்கூடப் போடாமல் சாலைக்குப் போனார். காரை வேறொருவர் ஓட்டினால் அப்பாவுக்கு வேலை முடிந்துவிட்டது, இனி வீட்டிலேயே இருப்பார் என்று நினைத்து, நான் அவருடைய தட்டைக் கழுவி வைத்தேன்.