துண்டின் இன்னொரு நுனி

காலை ஆறரை மணிக்குத் தெரு சோம்பல் முறிக்கும்போதுதான் வாட்ச்மேனுக்கு நாள் முடியும். டைல்ஸ் குடோன் வாசலில் ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிற மனுஷனுக்கு என்ன பெரிதாக வேண்டியிருக்கும்? ஒரு பாய், ஒரு தலையணை, யாரும் கூப்பிடாத ஏழு மணி நேரம். இருபத்திரண்டு வருஷமாக அதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மனைவி இருந்த காலத்தில் அந்த வீட்டில் பகலில் ஒரு பாத்திரம் சத்தம் போட்டதில்லை.

அந்தத் தூக்கத்தில் மண்ணைப் போட்டவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களைத் திட்டவும் முடியாது, அதுதான் கொடுமை.

வறுமை ஒழிப்பு அவர்களுக்கு ஒரு பாடம். வருஷா வருஷம் ஒரு கூட்டம் நோட்டும் பேனாவுமாக அந்தத் தெருவுக்கு வரும். ஒரு வருஷம் சோப்பு செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த சோப்பில் நுரை மட்டும் வரவில்லை. இன்னொரு வருஷம் மாடித்தோட்டம் என்றார்கள். மாடி இல்லாத தெருவில் அது என்ன ஆகும்? ஆனால் இந்த வருஷம் வந்த பன்னிரண்டு பேர் கொஞ்சம் காது உள்ளவர்கள். வீடு வீடாகக் கேட்டுவிட்டு, பெண்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் நாங்கள் தையல் கம்பெனி வேலைக்குப் போய்விடுவோம் என்பதுதான் அவர்கள் சொன்னது.

வாட்ச்மேன் வீட்டை ஒட்டினாற்போல் சும்மா கிடந்த அறைக்கு வெள்ளையடித்து, பாய் விரித்து, சுவரில் படங்கள் ஒட்டிக் குழந்தைகள் அறை திறந்தார்கள். காலை ஏழிலிருந்து மதியம் இரண்டரை வரை அவர்களே மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து அம்மாக்கள், ஆறு குழந்தைகள். அதில் ஒரு அம்மா வாட்ச்மேனின் மகள். புருஷன் வீட்டிலிருந்து இடுப்பில் பிள்ளையோடு வந்தவள், இரண்டு வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள். கம்பெனிக்குப் போன இரண்டாம் வாரம், சாப்பிடும்போது ஏதோ நினைத்துக்கொண்டு தானாகச் சிரித்தாள். வாட்ச்மேன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தால் அழுதுவிடுவோம் என்று அவருக்கு பயம்.

அதனால்தான் பக்கத்து அறைச் சத்தத்தைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு.

நாலாவது மாதம் பரீட்சை வந்தது. குழுவுக்குத் தலைவி ஒரு வட்டக் கண்ணாடிக்காரப் பெண். சாவியோடு வந்து நின்றாள்.

"அங்கிள், மூணே வாரம். சாவி உங்ககிட்ட இருக்கட்டும். அம்மாங்க முறை வச்சுப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க."

அம்மாக்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கம்பெனிக்கு முறையும் கிடையாது, கிறையும் கிடையாது. ஒருநாள் வராவிட்டால் மறுநாள் அந்த மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் நாளே முறை சுற்றிக்கொண்டு வந்து, பகலில் வீட்டில் இருக்கிற ஒரே ஆளின் தலையில் விழுந்தது. சும்மாதானே இருக்கிறார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பாவம். மகள் மட்டும் வாசலில் நின்று கையைப் பிசைந்தாள்.

"நான் வேணா நின்னுடட்டுமாப்பா?"

"போ, போ. பஸ் போயிடும்."

அன்றைக்கு ஆரம்பித்தது. சுவரில் கல்லூரிப் பிள்ளைகள் ஒட்டிவிட்டுப் போன நேரப் பட்டியலை அவர் டியூட்டி சார்ட் மாதிரி பின்பற்றினார். பத்து மணிக்குக் கதை நேரம். அவருக்குத் தெரிந்தது ஒரே கதை, குடோனுக்கு வந்த திருடன் கதை. அதில் எங்காவது தடுமாறினால் நாலு வயது இரட்டையர்கள் திருத்துவார்கள். பதினொன்றுக்கு 'உணர்வுகளைப் பகிர்தல்' என்று எழுதியிருந்தது. அது என்னவென்று புரியாததால் அந்த நேரத்தில் முகம் கழுவிவிட்டார். கழுத்தில் தொங்கும் விசிலைப் பார்த்துப் பிள்ளைகள் அவருக்கு விசில் மாமா என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பேத்தியும் அப்படியே கூப்பிட்டாள்.

பன்னிரண்டுக்கு மேல்தான் கண் சொக்கும். சும்மா சொக்கினால் பரவாயில்லை, எதிரே பெரிய ரோடு. கதவு வெளிப்பக்கம் திறக்கிற வகை. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தோளில் இருக்கும் துண்டின் ஒரு நுனியைக் கதவின் கைப்பிடியில் கட்டுவார், இன்னொரு நுனியைத் தன் கணுக்காலில் முடிவார். எவனாவது கதவைத் தள்ளினால் துண்டு காலைச் சுண்டும், எழுந்துவிடுவார். அப்படிக் கிடைத்ததுதான் அரை மணி, முக்கால் மணித் தூக்கம். மீதியை மூன்று மணிக்கு மேல் வீட்டில் தேடுவார். அதற்குள் தண்ணீர் லாரி வந்து தெருவே குடத்தோடு கத்தும்.

வர வேண்டிய இடத்தில் வராத தூக்கம், வரக்கூடாத இடத்தில் வந்தது. குடோன் சூப்பர்வைசர் நாற்காலியில் வாய் பிளந்து தூங்குகிறவரை இரண்டு தடவை போனில் படம் எடுத்துவிட்டான். "மூணாவது போட்டோ எடுக்க வைக்காதீங்க அண்ணே. அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல." அவன் சொன்னதிலும் தப்பில்லை. யார் மேலும் தப்பில்லாமல் ஒரு மனுஷன் நாசமாய்ப் போவது எப்படி என்று வாட்ச்மேனுக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்று வாரம் முடிந்தது. பரீட்சைக்குப் பின்னால் லீவு என்று ஒன்று இருப்பதை அவர் மறந்திருந்தார்.

நாற்பத்துமூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை, காலை எட்டரைக்குக் கண்ணாடிக்காரப் பெண் சிரித்த முகமாக வந்தாள். கையில் ஒரு படிவம்.

"அங்கிள், நாங்க போன பிறகும் நிக்கிற ஒரே திட்டம் நம்மளுதுதான். மத்ததெல்லாம் படுத்துடுச்சு. இதுல பொறுப்பாளர்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

வாசித்தும் காட்டினாள். திட்டத்தின் முழுப் பொறுப்பையும் இப்பகுதி மக்களே ஏற்றுக்கொண்டுவிட்டதால், மாணவர் உதவி இனித் தேவையில்லை.

"அப்ப அடுத்த வருஷப் பசங்க?"

"வேற தெருவுக்குப் போவாங்க. இங்கதான் வேலை முடிஞ்சிடுச்சே."

"கையெழுத்து போடலேன்னா?"

"போடலேன்னா முடியலன்னு அர்த்தம். எங்க பன்னண்டு பேருக்கும் மார்க் குறையும், காலேஜ் திறந்ததும் புது பேட்ச் இங்க வந்து தொடரணும்." அப்படி நடக்கப்போவதில்லை என்கிற மாதிரி சிரித்தாள்.

அவர் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகக் கேட் பக்கம் நின்று 'யாரு?' என்ற ஒரே சொல்லைப் பேசிப் பழகிய வாய். ஆறு குழந்தைகளையும் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். இரண்டும் மங்கலாகத் தெரிந்தன.

"போடறேம்மா. ஒரு தூக்கம் தூங்கிட்டு வந்து போடறேன். அதுவரைக்கும் நீ பாத்துக்க."

துண்டை அறையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் விழுந்தார்.

அவரை எழுப்பியது சத்தம் இல்லை, சத்தம் இல்லாததுதான். மணி ஒன்றரை. பக்கத்து அறையில் மூச்சு பேச்சே இல்லை. ஓடிப்போய்க் கதவை இழுத்தார். கதவு பாதி வந்து நின்றது. உள்ளேயிருந்து யாரோ "ஆ" என்றார்கள்.

பாயில் கண்ணாடி ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். அடித்துப் போட்ட தூக்கத்திலிருந்து எழுந்து முழித்தாள். ஐந்து மணி நேரம்தான் பார்த்திருக்கிறாள், அதற்கே. சுற்றி ஆறும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. அவள் கணுக்காலில் வாட்ச்மேனின் துண்டு, மூன்று முடிச்சோடு. இன்னொரு நுனி கதவில்.

"யாரு என் காலைக் கட்டினது?"

இரட்டையரில் பெரியவன் கை தூக்கினான். "நீங்க தூங்கிட்டீங்கல்ல. தூங்கினா கட்டணும். விசில் மாமா அப்படித்தான் கட்டுவாரு."

அவள் துண்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"தினமுமா அங்கிள்?"

"இல்லம்மா, ஞாயித்துக்கிழமை லீவு."

"அப்ப எப்பதான் தூங்குவீங்க?"

அதற்கும் ஒரு கிண்டல் சொல்ல வாயைத் திறந்தார். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் படிவத்தை எடுத்து, மாணவர் உதவி தேவையில்லை என்ற வரியின் மேல் கோடு போட்டாள். கீழே எழுதி வாசித்தாள்: வேலை முடியவில்லை. தினமும் காலை ஏழு முதல் இரண்டரை வரை ஆள் வேண்டும்.

"கூட இருக்கிறவங்க உன்னைத் திட்டுவாங்களேம்மா?"

"திட்டட்டும்."

அவர் கையெழுத்துப் போட்டார்.

"காலேஜ் எப்ப திறக்குது?"

"இன்னும் பதினெட்டு நாள் அங்கிள். ஊர்ல இருக்கேன், ரெண்டு பஸ் மாறணும். செவ்வாயும் வெள்ளியும் நான் வந்துடறேன்."

சரி என்று தலையாட்டினார். பதினெட்டு ராத்திரி நாற்காலியில் உட்காராமல் நின்றே ஓட்டிவிடலாமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவள் முடிச்சை அவிழ்த்து, துண்டை மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் அதை வாங்கிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டினார். நாளைக்கு வியாழக்கிழமை.