புசல்லாவையில் இருந்த கொப்பி

கண்டி நகரத்தில் ஒரு பாமசிக்கு மேல்மாடியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு கதிரை, கதவு சரியாக மூடாத ஓர் அலுமாரி. கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதும், செய்து கொடுத்தது படுத்துவிட்டால் எழுப்பிவிடுவதும் என் தொழில். புதிதாக வரும் எல்லோரிடமும் ஒரு கேள்வியை முதலில் கேட்பேன்: உங்கள் டொமைனுக்கு நேம் சேர்வர் எங்கே இருக்கிறது? ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்று தெரிந்துதான் கேட்பேன். கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.

டொமைன் என்பது பெயர். அதைப் பதிவது ஓரிடம். அந்தப் பெயருக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும், வெப்சைட் எந்த மெஷினில் இருக்கிறது என்றெல்லாம் எழுதி வைத்த கொப்பி இன்னோரிடத்தில் இருக்கலாம். அந்தக் கொப்பிதான் டிஎன்எஸ். கொப்பி யாரிடம் இருக்கிறது என்று கை காட்டுவது நேம் சேர்வர். பெயர் பதிந்த இடத்திலும் ஒரு வெற்றுக் கொப்பி தருவார்கள். நேம் சேர்வர் வேறு பக்கம் கை காட்டினால், அந்த வெற்றுக் கொப்பியில் நாம் முத்து முத்தாக எழுதினாலும் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். எது எங்கே என்று பார்க்க அரை நிமிடம் போதும். பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் நான் ஒரு சனிக்கிழமை அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்தேன்.

கெலிஓயாவில் மிளகும் கறுவாப்பட்டையும் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒருவர் இருக்கிறார். நான் அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவருக்குக் கம்பனி மெயில் என்றால் தனிப் பெருமை. பிள்ளைகளின் பாடசாலைக்கு அதைத்தான் கொடுத்தார், கரண்ட் பில்லுக்கு அதைத்தான் கொடுத்தார், அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அதைத்தான் கொடுத்தார். அந்த மெயிலில் 'பிரதர்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. கடைப் பலகையிலும் முன்பு இருந்ததாம். ஆறு வருடத்துக்கு முன் தம்பியோடு கோபித்துக்கொண்டு, பலகையில் அந்தச் சொல்லுக்கு மேல் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார். டொமைனுக்குப் பெயின்ட் அடிக்க முடியவில்லை.

"நம்மட வெப்சைட் நல்ல ராசி தங்கச்சி," என்று ஒருமுறை சொன்னார். "ரெண்டு மூணு தரம் படுத்திச்சு. ஒருத்தரும் கை வைக்கல்ல. தானா எழும்பிட்டு."

எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவருடைய பழைய மெயில் சேவை ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு மூடுவதாக அறிவித்தது. வேறிடத்துக்கு மாற்றித் தரச் சொல்லி, பெயர் பதிந்த இடத்தின் பாஸ்வேர்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு எழுந்து நின்று, "ஏதாவது வாய் தவறிப் பேசி இரிந்தா மாப்பு செய்ங்க," என்றார். அவரும் மனைவியும் ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். போவதற்கு முன் சொந்தம், அயல், தொழில் என்று எல்லோரிடமும் மாப்புக் கேட்டு மனக்கசப்பைத் தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டும். இடம் கிடைப்பதற்கு முன்பே அவர் கேட்கத் தொடங்கிவிட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "பரவாயில்ல நானா," என்றேன்.

சனிக்கிழமை புதிய மெயிலின் விபரங்களை அங்கே எழுதினேன். பச்சை நிறத்தில் சரி அடையாளம் வந்தது. அடியில் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. நான் வாசிக்கவில்லை.

திங்கட்கிழமை நானா கோல் எடுத்தார். கொழும்பிலிருந்து ஹஜ் முகவர் பேசினாராம். இந்த வருடம் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. மெயிலில் அனுப்பியிருக்கும் லிங்கை வியாழன் நாலு மணிக்கு முன் அமத்தி உறுதிப்படுத்த வேண்டும். அமத்தாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மெயில் இன்னும் வரவில்லை.

"மாத்தினது இன்டர்நெட் முழுக்கப் பரவணும் நானா. ரெண்டு நாள் எடுக்கும்," என்றேன். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னேன். ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியாதபோது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது இதுதான்.

புதன் காலை கடையைக் கூடத் திறக்காமல் என் அறைக்கு வந்துவிட்டார். அவருடைய மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தது. அடுத்த வருடம் நடப்பாரா என்று டொக்டரே வாக்குக் கொடுக்கவில்லை. நானா அதை என்னிடம் முறையிடவில்லை, கதிரையில் உட்கார்ந்து சும்மா சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. நான் முகவருக்கு கோல் எடுத்தேன்.

"மெயில் அட்ரசை மாத்தலாம் மிஸ்," என்றது ஒரு பெண் குரல். "மாத்துறதுக்கு ஒரு லிங்க் அனுப்புவோம்."

"எங்க அனுப்புவீங்க?"

"இப்ப இருக்கிற மெயிலுக்கு."

நன்றி சொல்லி வைத்தேன். பிறகுதான், வெட்கத்தை விட்டு, எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை எனக்கு நானே கேட்டேன். நேம் சேர்வரைத் தேடினேன். நான் கனவிலும் நினைக்காத ஓர் இலவச டிஎன்எஸ் சேவையைக் காட்டியது. சனிக்கிழமை வாசிக்காமல் விட்ட சாம்பல் எழுத்தும் அதைத்தான் சொல்லியிருந்தது. நான்கு நாளாக வெற்றுக் கொப்பியில் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"என் பிழைதான் நானா," என்றேன். "பார்க்காம எழுதிட்டேன்."

டிஎன்எஸ் கொப்பியின் முதல் வரியில் பொறுப்பாளரின் மெயில் முகவரி இருக்கும், பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அநேகமாக அது கடைசியாகத் திருத்திய திகதி. இந்தக் கொப்பியை நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள் யாரோ திருத்தியிருந்தார்கள். முகவரியை வாசித்துக் காட்டினேன்.

நானா கதிரையை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் வந்தார். "அவன்ட கையிலயா இரிக்கி?"

அது தம்பியின் முகவரி. தொடக்கத்தில் எல்லாவற்றையும் பதிந்து கொடுத்தது அவர்தானாம்.

"வேற வழி இல்லையா?"

இருந்தது. நேம் சேர்வரையே நான் எழுதிய கொப்பியின் பக்கம் திருப்பலாம். ஆனால் அது உண்மையிலேயே பரவ வேண்டிய விஷயம். ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். நாளை நாலு மணிக்குள் முடியும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. தம்பியின் கொப்பியில், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெகோர்ட் இரண்டு வரியை மாற்றினால் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

நானா போனைத் திறந்து மாப்புக் கேட்க வேண்டியவர்களின் பட்டியலைக் காட்டினார். எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் சரி போட்டிருந்தது. கடைசிப் பெயருக்கு மட்டும் இல்லை.

"இவனுக்கு ஏர்போர்ட்லேர்ந்து கோல் எடுக்க இரிந்தேன்," என்றார். "அங்கேர்ந்து எடுத்தா நீட்டிப் பேச நேரம் இரிக்காது."

"நம்பர் இருக்கா?"

"இரிக்கி."

கோல் எடுக்கவில்லை. வேன் சாவியை எடுத்தார். "இது போன்ல கேக்கிற விஷயம் இல்ல. லெப்டொப்பை எடுங்க, போவோம்."

தம்பி புசல்லாவையில், பிரதான வீதியில், போன் திருத்தும் கடை வைத்திருந்தார். கம்பளை தாண்டும் வரை நானா மிளகு விலை பேசினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தார். பயந்துபோயிருந்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. தம்பி முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிசியின் ஹஜ் என் கையால் போனதாகிவிடும்.

தம்பி ஒரு போனைக் கழற்றி வைத்துக் குனிந்திருந்தார். நானா மேசைக்கு முன் நின்றார். ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வசனத்தை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அந்த எம்எக்ஸ் ரெகோர்ட் ரெண்டையும் மாத்தணுமாம்."

தம்பி நிமிர்ந்து பார்த்தார். "ஞாயித்துக்கெழம ராவுலேர்ந்து மெயில் வேல செய்யல்ல. பார்த்துட்டுத்தான் இரிக்கேன். புதுசு எங்க எடுத்தீங்கண்டு தெரிஞ்சாத்தானே எழுத."

"சொல்றதுதானே."

"யாருக்கு?"

தம்பி லெப்டொப்பைத் திறந்தார். பாஸ்வேர்ட் தேடவில்லை, பக்கம் ஏற்கெனவே திறந்தே இருந்தது. நான் வரிகளைச் சொல்ல அவர் எழுதினார். மெயில் அனுப்புகிறவர்களின் சேர்வர் சில நாள் விடாமல் முயற்சி செய்யும், அதனால் பழையதும் வந்து சேரும் என்றேன். மூன்று பேரும் பால் கலக்காத பிளேன்டியைக் குடித்துக்கொண்டு காத்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல் நான் கேட்டேன்.

"பெருநாளைக்கு அடுத்த நாள் இதுல என்ன மாத்துனீங்க?"

"வெப்சைட் இரிந்த மெஷினை மாத்தினாங்க. கடை வெப்சைட் படுத்திட்டு. புது மெஷின்ட நம்பரைப் போட்டேன்."

"அதுக்கு முந்தி படுத்தப்ப?"

"அதுவும் நான்தான்."

நானா கோப்பையைக் கீழே வைத்தார். "தானா எழும்பிச்சுண்டு நெனச்சேன்."

"மெஷின் தானா எழும்புமா நானா?" என்றார் தம்பி. நானா என்று அவர் கூப்பிட்டது அப்போதுதான்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு மெயில்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. கொழும்பு மெயில் ஆறாவது. நானா பிஸ்மி சொல்லி, தன் விரலாலேயே லிங்கை அமத்தினார். இரண்டு இடமும் உறுதி என்று வந்தது. அவர் எழுந்து தம்பியின் இரண்டு கையையும் பிடித்தார்.

"நான் பேசினதுக்கும், பேசாம இரிந்ததுக்கும் மாப்பு செய்."

தம்பி தலையை ஆட்டினார். "அங்க மதினிக்கு வீல்செயார் கேளுங்க. கௌரவம் பார்த்து நடக்க வைக்க வேணாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. போனைப் பார்ப்பதுபோல் வாசலுக்குப் போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது தம்பி ஒரு துண்டில் பாஸ்வேர்டை எழுதி நீட்டிக்கொண்டிருந்தார். கணக்கை நானாவின் பெயருக்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதுதான் ஒழுங்கு. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"வேணாம்," என்றார் நானா. "அது இரிந்த இடத்துலயே இரிக்கட்டும்."

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நான் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பெயர் எங்கே பதிந்தது, நேம் சேர்வர் எங்கே, டிஎன்எஸ் யார் பொறுப்பு என்று மூன்று வரி. நானாவின் தாளில் கடைசி இரண்டும் வெறுமையாகவே இருந்தன. திரும்பும் வழியில் வேனில் வைத்து நிரப்பினேன். மூன்றாவது வரியில் 'தம்பி, புசல்லாவை' என்று எழுதினேன்.

"நம்பரையும் எழுதுங்க," என்றார் நானா.

போனை எடுத்துத் தருவார் என்று கை நீட்டினேன். வளைவில் வேனைத் திருப்பிக்கொண்டே, பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல், பத்து இலக்கத்தையும் சொன்னார்.