ஜோடியில் ஒன்று

இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்டில் எங்கள் சுரங்க ஊர்க்காரர் க்ளிஃபர்ட், முப்பத்தெட்டு வருடமாகத் தன் குத்தகைத் தோட்டத்தில் லீக் தவிர வேறெதையும் நட்டதில்லை. லீக் என்றால் வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன். அவர் வளர்த்தது என் தொடையைவிடப் பருமன், சத்தியமாக. செப்டம்பரில் ஊரில் நடக்கும் லீக் போட்டியில் ஒரே அளவு ஜோடியாகத்தான் வைக்க வேண்டும். எது எதற்கு ஜோடி சேருமோ என்று எல்லாவற்றையும் பொத்திக் காத்ததால் அடுப்படிக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

குளிர்காலத்தில் படுக்கையில் விழுந்த மனைவி நோரா கேட்டாள்: "ஏன்யா, உன் தோட்டத்துல விளைஞ்சதை நான் எப்பத்தான் திங்கிறது? செத்தப்புறம் மாலையாப் போடுவியா?"

அந்த வாரமே பக்கத்துத் துண்டு நிலத்தையும் குத்தகைக்கு எடுத்தார். பட்டாணி, கேரட், உருளைக்கிழங்கு, எல்லாமே கை பழகாத பயிர்கள். பட்டாணியைப் புறா தின்றது. கேரட்டைப் புழு அரித்தது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அதற்குள் நோராவுக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டுமே இறங்கியது.

இந்த முறை கோப்பை க்ளிஃபர்டுக்குத்தான் என்று ஊரே சொன்னது. போட்டிக்கு முதல் நாள் காலை, அவர் ஜோடியில் ஒன்றைப் பிடுங்கினார்.

வேலிக்கு அப்பாலிருந்து அடுத்த தோட்டக்காரன் ராய் அலறினான். "அடப்பாவி மனுஷா! ஒத்தை லீக்கை எவன் மேசையில ஏத்துவான்?"

"சூப்புக்கு ஒண்ணு போதும்டா."

நோரா நாலு கரண்டி குடித்தாள்.

"உப்பு கம்மி," என்றாள். ஐந்தாவதுக்கும் வாய் திறந்தாள்.